மறுமொழி: கிறிஸ்துமஸ் காலை ஃபிரெஞ்ச் டோஸ்ட் அடியில் கூழாகிவிடுகிறது

வணக்கம். 400 கிராம் புதிய சாண்ட்விச் ரொட்டியை 4 முட்டை, ஒரு லிட்டர் பால் கலவையில் இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் ஓவனில் வைத்தபோது, மேற்புறம் கருகி அடிப்புறம் கூழாகவே இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அவ்வளவு பாலை இறுகச் செய்ய 4 முட்டைகள் போதா. அந்த எடைக்கு 6 முட்டையும் அரை லிட்டர் பாலும் சரியாக இருக்கும்.

அளவைவிட ரொட்டிதான் முக்கியம் என்பேன். வெண்ணெயும் முட்டையும் சேர்த்துச் செய்யும் பிரியோஷ் போன்ற ரொட்டியை இரண்டரை சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, 150 டிகிரி செல்சியஸில் 10 முதல் 15 நிமிடம், நிறம் மாறாமல், விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும் வரை உலர்த்திக்கொண்டால், அது பாலை உறிஞ்சிய பிறகும் குழையாது. பட்டைப்பொடி பாலில் மிதந்து திரளும் என்பதால், முதலில் சர்க்கரையோடு கலந்து பிறகு முட்டையில் சேர்த்து அடியுங்கள்.

காலையில், ஓவன் சூடாகும் அரை மணி நேரம் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்திருங்கள். கண்ணாடிப் பாத்திரமென்றால் குளிர்ச்சியோடு உள்ளே வைப்பது விரிசலுக்கு வழி. வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, பீக்கன் பருப்பு ஆகியவற்றை அப்போதுதான் மேலே தூவ வேண்டும். இரவே தூவினால் சர்க்கரை நீர்விட்டுவிடும். 175 டிகிரியில் முதல் 30 நிமிடம் அலுமினியத் தாளால் மூடியும், அடுத்த 15 முதல் 20 நிமிடம் திறந்தும் வேகவிடுங்கள். நடுப்பகுதியின் உள்வெப்பம் 71 டிகிரியை எட்டியிருந்தால் முட்டை வெந்துவிட்டது. வெப்பமானி இல்லையெனில், நடுவில் செருகிய கத்தியில் ஈரக் கலவை ஒட்டாமல் வர வேண்டும்.