932 வேண்டாம், 930-லேயே இருங்கள்

1969 டிரையம்ஃப் போனவில் டி120 பைக்குக்கு அமால் 932 கார்பரேட்டர் ஜோடி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, போட்டால் ஐடிலிங் சரியாகுமா, பவரும் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் நண்பரே. கடைசி இரண்டு இலக்கம்தான் காற்று போகும் துளையின் விட்டம், அதாவது 932 என்றால் 32 மி.மீ.; உங்கள் வண்டி ஃபேக்டரியிலிருந்து வந்ததே அமாலின் கான்சென்ட்ரிக் மாடல் 930-ஓடுதான். 32 எல்லாம் நார்ட்டன் கமாண்டோ 850 மாதிரி பெரிய எஞ்சினுக்குச் சரி, உங்கள் 650 சிசி எஞ்சினில் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோலை ஒழுங்காக இழுக்காமல், சிக்னலில் கிளம்பும்போதே இருமும்.

ஐடிலிங் நிற்காததற்குத் தேய்மானம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஸ்லைடை (ஆக்சிலரேட்டரைத் திருகினால் உள்ளே மேலே ஏறுமே, அந்த உருளை) விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், டக் டக்கென்று ஆடினால் பாடி போச்சு. ஸ்லைடும் பாடியும் ஒரே மாதிரி ஸிங்க் கலவை, ஒன்றையொன்று தின்றுவிடும். அப்புறம் கார்பரேட்டரைக் கழற்றி, எஞ்சின் பக்கம் நட்டு போட்டு மாட்டும் தட்டை முகமான ஃபிளாஞ்சின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள், இடைவெளி தெரிந்தால் யாரோ நட்டை இறுக்கி இறுக்கி வளைத்திருக்கிறார்கள் (நானும் ஒரு முறை செய்த காரியம்தான்). புதிது வாங்கினால் இடது ஒன்று, வலது ஒன்று என்று கேட்டு வாங்குங்கள், ஸ்க்ரூ எல்லாம் வெளிப்பக்கம் வர வேண்டும்.