மேல்முறையீட்டுக்குப் பதில் வரும்வரை மகனை வெளிநாட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூர்க்காரர்கள். கணவரின் வேலை காரணமாக ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கிறோம். மகனுக்கு வயது 19. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. காற்பந்து விளையாடி முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சையும் ஆனது. இருந்தும் கட்டாயத் தேசிய சேவைக்கான மருத்துவப் பரிசோதனையில் 'பெஸ் பி4' என்ற உடற்தகுதித் தரம் கொடுத்துவிட்டார்கள். அதே ஆஸ்துமா உள்ள எங்கள் உறவுக்காரப் பையனுக்கு அதைவிட இலகுவான சி9. நீச்சல் வீரருக்கு ஒத்திவைப்பு உண்டு, எங்கள் பிள்ளைக்கு மட்டும் இல்லையா? மறுபரிசீலனை கேட்டு, சேவைக்கு ஆள் சேர்க்கும் அலுவலகமான சிஎம்பிபிக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் சேவையில் சேரச் சொல்லி ஆணை வந்திருக்கிறது. சேவைக்கு முன் வெளிநாட்டில் இருக்க அவனுக்குக் கொடுத்த அனுமதியான எக்ஸிட் பெர்மிட் முடிந்து ஐந்து மாதமாகிறது, இன்னும் புதுப்பிக்கவில்லை. பதில் வரும்வரை அவனை இங்கேயே வைத்துக்கொண்டு, பாரபட்சம் என்று வழக்குப் போடலாமா? அவனுக்குக் கிடைத்திருக்கும் பல்கலைக்கழக இடம் என்னாகும்?

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு முக்கியமானது ஒரே வரி. நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த எக்ஸிட் பெர்மிட் வரிதான் அது. ஆஸ்துமா, முழங்கால், உறவுக்காரப் பையன் எல்லாம் அதற்கு அப்புறம். பெர்மிட் முடிந்த நாளிலிருந்து உங்கள் மகன் அனுமதியில்லாமல் வெளிநாட்டில் இருக்கிறான். அடுத்த மாதம் ஆணைப்படி வந்து சேராவிட்டால் இன்னொரு குற்றமும் சேரும். என்லிஸ்ட்மென்ட் சட்டத்தில் இதற்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பாரபட்ச வாதத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. அதை வைத்து, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்த தரம் எனக்கும் வேண்டும் என்று கேட்க முடியாது. அவனுடைய மருத்துவக் கோப்பை நீங்கள் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. நீதிபதி ஸ்டெதாஸ்கோப் எடுத்து உங்கள் மகனுக்கு மறுதரம் போடவும் மாட்டார். நீச்சல் வீரர் என்று நீங்கள் சொல்வது ஜோசப் ஸ்கூலிங்கைத்தான் என்று நினைக்கிறேன். அவருக்குக் கிடைத்தது ஒத்திவைப்பு, விலக்கு அல்ல. 2022 ஜனவரியில் அவரும் சேவைக்கு வந்தார். 2018இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் குழுவில் ஒப்பந்தமான காற்பந்து வீரர் பென் டேவிஸ் ஒத்திவைப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. அது தற்காப்பு அமைச்சின் விருப்புரிமை. அதில் உங்களுக்கு வருத்தம் இருக்கலாம், வழக்கு இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். பி4 சி9 ஆனால் என்ன கிடைக்கும்? செய்யும் வேலை மாறும், பயிற்சியின் கடுமை குறையும். ஆனால் இரண்டு ஆண்டுச் சேவை இரண்டு ஆண்டுதான். முழு விலக்கு என்பது 'எஃப்' தரத்துக்குத்தான், நீங்கள் சொல்லும் நோய்கள் அந்த அளவுக்குப் போவது அரிது. அவன் எந்த நாற்காலியில் உட்காருவான் என்ற சண்டைக்காக அவன்மேல் ஒரு குற்றப் பதிவை ஏற்றப் பார்க்கிறீர்கள்.

இனி, என்னிடம் வரும் பெற்றோர் திரும்பத் திரும்ப விழும் குழிக்கு வருகிறேன். மேல்முறையீடு போட்டுவிட்டோம், ஆகவே ஆணை நின்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். நிற்காது. தேதியை மாற்றியிருக்கிறோம் என்று சிஎம்பிபி எழுத்தில் சொன்னால் ஒழிய அந்தத் தேதி அப்படியே இருக்கிறது. 'பரிசீலனையில் உள்ளது' என்ற தானியங்கிப் பதில் அனுமதி ஆகாது. அதை அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடு போட்டு, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகக் கொண்டுவந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அந்த மின்னஞ்சல்கள். 'நீங்கள் பதில் சொல்லும்வரை அவனை அனுப்பப்போவதில்லை' என்கிற மாதிரி ஒரு வரி அதில் இருந்தால், அவன் வராதது மறதியால் அல்ல, திட்டமிட்டுத்தான் என்பதற்குச் சாட்சியை நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். அதற்கு உடந்தை யார் என்ற கேள்வி உங்கள் பக்கமும் திரும்பலாம். ஐந்தாவது மின்னஞ்சல் எழுதாதீர்கள்.

மருத்துவர் கடிதத்திலும் இதே கதைதான். ஒரு கோப்பில், பையனால் நூறு மீட்டர் ஓட முடியாது என்று நிபுணரின் கடிதம். அதே கோப்பில், விளையாட்டில் சிறந்தவன் என்று காட்ட அம்மா இணைத்த மாவட்ட ஓட்டப்பந்தயச் சான்றிதழ், இரண்டுக்கும் இடையில் ஏழு வாரம்! 'இவருக்கு விலக்கு அளிக்கவும்' என்று எழுதும் மருத்துவரால் பயனில்லை. மூச்சுத்திறன் சோதனை முடிவு, எம்ஆர்ஐ, அறுவை சிகிச்சைக் குறிப்பு, எந்த மருந்து எவ்வளவு காலமாக, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது: இவைதான் தரத்தை மாற்றும்.

'பியானோ கலைஞர் மெல்வின் டான் சேவைக்கு வராமல் வெளிநாட்டில் இருந்துவிட்டு, எத்தனையோ ஆண்டு கழித்து வந்து 5,000 வெள்ளி கட்டிவிட்டுப் போனாரே' என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது 2005. அன்றைய உச்ச அபராதமே அவ்வளவுதான். அதில் எழுந்த கொந்தளிப்பால்தான் மறு ஆண்டே உச்சவரம்பு இரட்டிப்பானது. 2006 ஜனவரியில் அன்றைய தற்காப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஒரு கோடு கிழித்தார்: 2 ஆண்டுக்கு மேல் போனால் அரசுத் தரப்பு சிறையைக் கேட்கும். 2017இல் மூன்று நீதிபதிகள் கொண்ட உயர் நீதிமன்ற அமர்வு அளவுகோலே வகுத்துவிட்டது. 2 முதல் 6 ஆண்டு வராமல் இருந்தால் தொடக்கப் புள்ளி 2 முதல் 4 மாதச் சிறை, 7 முதல் 10 ஆண்டுக்கு 5 முதல் 8 மாதம். ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்றும் எண்ணாதீர்கள். தேசிய சேவைக் கடமை பாக்கி இருந்தால், சிங்கப்பூர்க் குடியுரிமையைத் துறப்பதை ஏற்காமல் நிறுத்திவைக்க அரசியலமைப்பின் 128ஆம் பிரிவு அரசுக்கு இடம் தருகிறது.

ஆகவே வழக்கு வேண்டாம், சமரசமாகப் போங்கள். நீங்கள் இன்னும் ஐந்து மாதத்தில்தான் இருக்கிறீர்கள். பேசித் தீர்க்கும் தூரம்தான் இது, இரண்டு ஆண்டு கழித்து இருக்காது. சிங்கப்பூரில் உள்ள ஒரு வழக்கறிஞர் மூலம் சிஎம்பிபிக்கு ஒரு சின்னக் கடிதம் போகட்டும்: பெர்மிட் முடிந்ததை ஒப்புக்கொள்வது, திரும்பும் தேதி, விமானச் சீட்டின் நகல், மருத்துவ ஆவணங்களோடு மறுபரிசோதனை வேண்டுகோள். உறவுக்காரப் பையனின் பெயர் அதில் வரக்கூடாது. யாரிடமும் சொல்லாமல் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கினால் குடிநுழைவு முகப்பிலேயே பிடிபட வாய்ப்புண்டு, தானாக வந்தான் என்று வாதாடும் சலுகையும் போய்விடும். மறுபரிசோதனையில் பி4 என்றே நின்றாலும் ஆணைப்படி போய்ச் சேரட்டும். சேர்ந்த பிறகும் முகாம் மருத்துவ அதிகாரி மூலம் தரத்தை மறுபடி பார்க்கச் சொல்லலாம், அங்கே மாறிய தரங்கள் நிறைய.

பல்கலைக்கழக இடத்தைப் பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். பட்டப்படிப்புக்காகச் சேவையை ஒத்திவைப்பது வழக்கமில்லை, அந்த வழியில் நேரம் செலவழிக்காதீர்கள். சிஎம்பிபி கடிதம் போகும் அதே நாளில், இடத்தை இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கச் சொல்லி, சேர்ப்பாணையின் நகலோடு பல்கலைக்கழகத்துக்கும் எழுதிவிடுங்கள்.