வியட்நாமிலா, வியட்நாம் போர்க் காலத்திலா?

கேள்வி: 2024 அமெரிக்கத் தேர்தலில் துணை அதிபர் வேட்பாளராக நின்ற டிம் வால்ஸ், போருக்கே போகாமல் போர்வீரர் போலப் பேசினார் என்று எதிரணியினர் குற்றம் சாட்டினார்கள். அவர் பொய் சொன்னாரா, இல்லையா?

பதில்: ஒரே சொல்லில் பதில் தர முடியாது, ஏனென்றால் அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு ஒன்றல்ல. துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றி 2018-இல் பேசியபோது, ‘போரில் நான் ஏந்திய’ ஆயுதங்கள் என்று அவர் சொன்னது தவறு. தேசியக் காவல் படை எனப்படும் பகுதிநேர ராணுவத்தில் 24 ஆண்டுகள் இருந்தவர்தான். ஆனால் 2003-இல் ஆப்கானிஸ்தான் நடவடிக்கைக்குத் துணையாக அவருடைய பிரிவு அனுப்பப்பட்ட இடம் இத்தாலி. அது வாய் தவறி வந்த சொல் என்று அவருடைய பிரசாரக் குழுவே பின்னர் விளக்கம் தந்தது. கமாண்ட் சார்ஜென்ட் மேஜர் என்ற, அதிகாரிகளுக்குக் கீழுள்ள வீரர்களின் உயர் பதவியை வகித்தது உண்மை என்றாலும், அதற்குரிய படிப்பை முடிக்காததால் ஓய்வூதியக் கணக்கில் அதற்கு ஒரு படி கீழேதான் வைக்கப்பட்டார். ஆகவே அந்தப் பதவியிலேயே ஓய்வு பெற்றதாகச் சொல்லிக்கொண்டது மிகை.

இராக்குக்குப் போக அஞ்சி விலகினார் என்பதுதான் இவற்றுள் கடுமையானது; ஆதாரம் மெலிந்ததும் அதுவே. அவர் ஓய்வு பெற்றது 2005 மே மாதம். அவருடைய பிரிவுக்கு ஆயத்த உத்தரவு வந்தது ஜூலையில். இராக் பயணம் நேரக்கூடும் என்ற அறிவிப்பு மார்ச்சிலேயே வந்திருந்ததும் உண்மைதான். எந்தத் தேதியில் எது நடந்தது என்பதை ஆவணம் காட்டும். மனத்தில் என்ன இருந்தது என்பதை எந்த ஆவணமும் காட்டாது.

கேள்வி: உண்மையிலேயே சீருடை அணிந்தவர்களுக்கு இந்த மிகைப்படுத்தல் ஏன் தேவைப்படுகிறது?

பதில்: கேட்பவரின் முகம் மலர மலரப் பேச்சும் வளர்வதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கனெக்டிகட் மாநில அரசியல்வாதி ரிச்சர்ட் புளூமெந்தால் 1970 முதல் மரைன் (கடல்சார் தரைப்படை) சேமப் படையில் அமெரிக்க மண்ணிலேயே பணியாற்றியவர். வேறு மேடைகளில் ‘வியட்நாம் போர்க் காலத்தில்’ என்று சரியாகவே சொல்லிவந்தவர், 2008-இல் முன்னாள் வீரர்களைக் கௌரவித்த ஒரு நிகழ்ச்சியில் ‘வியட்நாமில் பணியாற்றிய’ நாட்களைப் பற்றிப் பேசிவிட்டார். நம் இலக்கணப்படி சொன்னால், ஏழாம் வேற்றுமை உருபு காலத்தை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2010-இல் நியூயார்க் டைம்ஸ் இதை வெளிக்கொண்டுவந்ததும், சில சொற்கள் இடம் மாறிவிட்டன என்று விளக்கம் சொன்ன அவர், அதே ஆண்டில் செனட் தேர்தலிலும் வென்றார்.

செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் உளவுப் பிரிவு அதிகாரியாக இருந்த அவர், ஏறத்தாழ பன்னிரண்டு முறை போர் விமானங்களில் உடன் சென்றதை 32 ஆக்கி, அந்தக் கணக்கைக் காட்டி 1952-இல் பதக்கமும் வாங்கிக்கொண்டார். சொல் வேண்டுமானால் வாய் தவறி வரலாம். இருபது பயணங்கள் அப்படி வருவதில்லை.

கேள்வி: இத்தகைய குற்றச்சாட்டே பொய்யாக இருந்ததுண்டா?

பதில்: உண்டு. 2004-இல் அதிபர் வேட்பாளராக நின்ற ஜான் கெர்ரி, வியட்நாமில் தம் வீரச்செயல்களை மிகைப்படுத்தியே பதக்கங்களைப் பெற்றார் என்று ஒரு குழு தொலைக்காட்சி விளம்பரமே செய்தது. கடற்படை ஆவணங்களும், அவருடைய படகிலேயே உடனிருந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் அவர் பக்கமே பேசினார்கள். பழி சொன்னவர்களில் பெரும்பாலோர் வேறு படகுகளில் இருந்தவர்கள். ஆனாலும் தேர்தலில் அவர் தோற்றார்.

கேள்வி: பொய் என்று நிரூபணமான பிறகும் சட்டம் தண்டிக்காதா?

பதில்: வெறும் பொய்யாக இருந்தால் தண்டிக்காது. கலிபோர்னியாவில் ஒரு நீர் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சேவியர் ஆல்வரெஸ், 2007-இல் ஒரு கூட்டத்தில் தம்மை அறிமுகம் செய்துகொண்டபோது, தாம் 25 ஆண்டுகள் மரைன் படையில் இருந்ததாகவும், 1987-இல் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றதாகவும், ஒரே ஆளால் பலமுறை காயப்பட்டதாகவும் சொன்னார். (அந்த ஆளின் விடாமுயற்சியை வியப்பதா, குறி தவறியதை எண்ணிச் சிரிப்பதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.) படையில் அவர் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆயினும் பதக்கப் பொய்யைக் குற்றமாக்கிய 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சுரிமைக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு வந்த புதிய சட்டத்தின்படி, பணமோ சொத்தோ அதுபோன்ற உறுதியான ஆதாயமோ பெறும் நோக்கத்துடன் ஏமாற்றினால்தான் குற்றம். தேர்தல் வாக்கு என்ற சொல் அதில் இல்லை.

மாநிலச் சட்டங்கள் சில இன்னும் கறாரானவை. ஆரிகன் மாநிலத்தின் வெஸ் கூலி, கொரியாவுக்கே போகாதவர், 1994 தேர்தலில் அரசு அச்சிட்ட வாக்காளர் கையேட்டில் தாம் கொரியாவில் சிறப்புப் படையில் பணியாற்றியதாக எழுதிக் கொடுத்து, நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். அந்த ஒரு வரிக்காக 1997-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. மேடையில் மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது.