மல்லாந்து நீந்தும் எறா

கேள்வி: கொளத்தூரில் மீன் வாங்கப் போன இடத்தில் 'ஆஸ்திரேலிய ஃபேரி ஷ்ரிம்ப் முட்டை' என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். பொரிந்துவிட்டது, ஆனால் எல்லாம் மல்லாந்தே நீந்துகின்றன. இது எறா இனம்தானா? எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: எறாத் தொக்கு ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள் அம்மா. எறாவுக்கு இது தூரத்துச் சொந்தம்தான். மீனுக்குத் தீனியாகப் போடும் டாஃப்னியாவும் ஆர்ட்டீமியாவும்தான் நெருங்கிய உறவு. இதற்கு மேலோடு கிடையாது. 'அனாஸ்ட்ராக்கா' என்ற வரிசைப் பெயருக்கே ஓடில்லாதது என்றுதான் பொருள். இலை மாதிரி 11 ஜோடிக் கால்கள். நீந்துவது, மூச்சுவிடுவது, பாசியை வடிகட்டித் தின்பது எல்லாம் அவற்றால்தான்.

மல்லாந்து நீந்துவது நோயில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடி டம்ளருக்கு அடியிலிருந்து டார்ச் அடியுங்கள். வயிற்றை வெளிச்சத்துக்குக் காட்டக் குப்புறப் புரண்டுகொள்ளும். விலங்கியல் வகுப்பில் தூங்கும் பையன்களை எழுப்ப என்னிடம் இருந்த ஒரே வித்தை இது.

சரி, வகைக்கு வருவோம். நிறத்தை நம்பாதீர்கள், தீனிக்குத் தக்கபடி மாறும். முட்டைப்பை தொங்கும் பெண்ணையும் விடுங்கள். ஒரு ஆணைப் பிடித்து லென்ஸில் முகத்தைப் பாருங்கள். பெண்ணைப் பற்றிக்கொள்வதற்காக இரண்டாவது உணர்கொம்பு தடித்திருக்கும். அதோடு நெற்றியிலிருந்து தனியாக ஒரு கிளையும் நீண்டிருந்தால் பெரும்பாலும் பிராங்கினெல்லா. ஆஸ்திரேலிய நன்னீரில் இந்த வகையறாவில் இதுதான் பெரிய பேரினம். 30க்கு மேல் இனங்கள். உணர்கொம்பின் நுனி கத்தரிக்கோல்போலப் பிரிந்திருந்தால் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ். அங்கே இதில் சில இனங்களே உண்டு. பாரார்ட்டீமியா என்று ஒன்று ஆஸ்திரேலியாவில் மட்டும் இருக்கிறது. அது உப்பு ஏரிவாசி, உங்கள் கேள்விக்கு வேண்டாம்.

கத்தரி தெரிந்தால் மட்டும் பொட்டலத்தைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைக்காட்டமஸ் நம்ம ஊர் மழைக்குட்டைக்காரன். 1987 ஐப்பசியில் வண்டலூர்ப் பக்கம் ஒரு செம்மண் பள்ளத்தில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மொண்டு வந்தேன். புத்திகெட்டுப்போய்க் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். குளோரின்! காலையில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. வருத்தத்தில் பாட்டிலைக் கழுவாமல் மொட்டைமாடியில் போட்டுவிட்டேன். வண்டல் ஓடாக வெடித்துக் கிடந்தது. அடுத்த வருஷ மழையில் பார்த்தால் உள்ளே தூசி தூசியாக ஏதோ துள்ளுகிறது! மேற்கு ஆஸ்திரேலியாவின் கருங்கல் பாறைச் சுனைகளிலும் இதே கதைதான். கோடையில் சுனை வற்றும், முட்டை மண்ணோடு காத்திருக்கும்.

அதனால் தொட்டியின் அடியில் படியும் வண்டலைக் கொட்டாமல் காயவைத்து எடுத்து வையுங்கள். அடுத்த பொட்டலத்துக்குக் காசு மிச்சம்.