மையில்லா அச்சு: லேசர் பிரிண்டர் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: லேசர் ஒளி தாளைக் கருக்குவதால்தான் எழுத்து உண்டாகிறது என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அப்படியென்றால் டோனர் என்னும் தூள் எதற்கு என்று என் மகள் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. அச்சான தாள் சூடாக வருவதற்கும் லேசர்தான் காரணமா?

பதில்: உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. லேசர் ஒளி தாளின் மேல் படுவதே இல்லை; அது படுவது டிரம் எனப்படும் உருளையின் மேல்தான். அந்த உருளையின் தனித்தன்மை விளங்கிவிட்டால் இயந்திரத்தின் முக்கால் பங்கு விளங்கிவிடும்.

தலையில் தேய்த்த சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுபோனால் அவை தாவி வந்து ஒட்டிக்கொள்வதைச் சிறு வயதில் நாம் எல்லோரும் பார்த்திருப்போம். லேசர் பிரிண்டர் இயங்குவது அந்த நிலைமின்சாரத்தை நம்பியே. டிரம்மின் மேற்பூச்சு இருட்டில் மின்சாரத்தைக் கடத்தாது. ஒளி பட்ட இடத்தில் மட்டும் கடத்தும். முதலில், டிரம்மை ஒட்டிச் சுழலும் ஒரு ரப்பர் உருளை அதன் மேற்பரப்பு முழுவதிலும் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டத்தைச் சீராகப் பரப்பி, ஏறக்குறைய 600 வோல்ட் அளவுக்குக் கொண்டுவருகிறது. பிறகு எழுத்து வர வேண்டிய இடங்களில் மட்டும் லேசர் படுகிறது. பட்ட புள்ளியில் மின்னூட்டம் டிரம்மின் உலோக உடலுக்குள் இறங்கிவிடுவதால் அங்கே எஞ்சுவது 100 வோல்ட் அளவுதான். இந்த நிலையில் டிரம்மின் மேல் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பக்கத்தின் எழுத்துகள் மின்னூட்ட வேறுபாடாக அதன் மேல் எழுதப்பட்டுவிட்டன.

டோனர் தூளும் எதிர் மின்னூட்டம் ஏற்றப்பட்டே டிரம்மின் அருகே வருகிறது. அதைச் சுமந்துவரும் உருளைக்கு மேற்சொன்ன இரண்டு அளவுகளுக்கும் இடைப்பட்ட மின்னழுத்தம் கொடுக்கப்பட்டிருப்பதால், லேசர் படாத இடங்கள் தூளைத் தள்ளிவிடுகின்றன. லேசர் பட்ட இடங்களில் மட்டும் தூள் போய் ஒட்டுகிறது. அடுத்து, தாளின் முதுகுப்புறம் இருக்கும் இன்னோர் உருளை நேர் மின்னூட்டத்தால் அந்தத் தூளைத் தாளின் மேல் இழுத்துக்கொள்கிறது. அதுவரை எழுத்து என்பது தாளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் தூள் மட்டுமே. தாள் நடுவழியில் சிக்கிக்கொண்டால், வெளியே எடுத்து விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள்: நேர்த்தியாகத் தெரிந்த ஒரு வரி முழுவதும் கறுப்புத் தீற்றலாகிவிடும். ஃபியூசர் என்னும் கடைசிப் பகுதியில் 200 டிகிரி செல்சியஸை நெருங்கும் சூட்டிலும் அழுத்தத்திலும்தான் அந்தத் தூள் உருகிக் காகித இழைகளைப் பற்றிக்கொள்கிறது. தாளில் நீங்கள் உணரும் சூடு அங்கிருந்து வருவது.

லேசரின் வேலை வேகமும் துல்லியமும் சார்ந்தது. லேசர் விளக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். பல முகங்கள் கொண்ட ஒரு கண்ணாடி நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று அதன் கதிரை டிரம்மின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வீசுகிறது. கண்ணாடியின் ஒரு முகம் ஒரு கோடு. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்றால் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி சுமார் 0.042 மில்லிமீட்டர், அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் விளக்கு எரிவதா அணைவதா என்று தீர்மானிக்கப்படுகிறது. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. சிறிய பிரிண்டர்களில் டிரம்மின் சுற்றளவு 75 முதல் 95 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். ஏ4 தாளின் நீளமோ 297 மில்லிமீட்டர். ஆகவே ஒரே பக்கத்துக்காக டிரம் மூன்று, நான்கு முறை சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் துடைக்கப்பட்டு, மின்னூட்டம் பெற்று, மீண்டும் எழுதப்படுகிறது. தாளின் தலைப்பு ஃபியூசரில் உருகிக்கொண்டிருக்கும்போது அதன் கடைசி வரி டிரம்மின் மேல் இன்னும் எழுதப்படவே இல்லை.

கேள்வி: இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

பதில்: லேசருக்கு முன்பே இந்த முறை பிறந்துவிட்டது. நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றிய செஸ்டர் கார்ல்சன், ஆவணங்களுக்கு எளிதில் நகல் எடுக்க வழி தேடியவர். 1938 அக்டோபர் 22 அன்று, அஸ்டோரியா பகுதியில் ஒரு சிறிய அறையில், உதவியாளர் ஓட்டோ கோர்னியுடன் சேர்ந்து அதைச் செய்து காட்டினார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றி, நாளும் ஊரும் மையால் எழுதப்பட்ட கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்து, பிரகாசமான விளக்கைச் சில நொடிகள் காட்டினார்கள். பிறகு லைக்கோபோடியம் என்னும் செடியின் நுண்ணிய வித்துத்தூளைத் தூவி ஊதியபோது, எழுத்துகள் இருந்த இடத்தில் மட்டும் தூள் நின்றது. அதை மெழுகுத்தாளில் ஒற்றிச் சூடாக்கியதுதான் உலகின் முதல் உலர் நகல். பெரிய நிறுவனங்கள் பல இதை வேண்டாம் என்று ஒதுக்கின. வணிக வெற்றி கிடைக்க 1959 இல் ஜெராக்ஸ் 914 வெளிவரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர் என்ற பொறியாளர், மூலப் பிரதியிலிருந்து வரும் ஒளிக்குப் பதிலாகக் கணினி சொல்லும்படி எரிந்து அணையும் லேசரை வைத்தார். 1977 இல் ஜெராக்ஸ் 9700 என்னும் பெரிய இயந்திரமும், 1984 இல் மேசை மேல் வைக்கக்கூடிய எச்பி லேசர்ஜெட்டும் வந்தன. கார்ல்சனின் அறையில் நடந்த படிகள் எதுவும் இன்றைய பிரிண்டரில் விடுபடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: டோனர் என்பது கரித்தூள்தானே? கொட்டிவிட்டால் எப்படித் துடைப்பது?

பதில்: இல்லை, அதில் பெரும்பங்கு பிளாஸ்டிக். பாலியெஸ்டர் அல்லது ஸ்டைரீன் அக்ரிலேட் வகைப் பிசினோடு நிறத்துக்குக் கார்பன், ஃபியூசர் உருளையில் ஒட்டாமலிருக்க மெழுகு, தூள் கட்டிதட்டாமல் ஓடுவதற்குச் சிலிக்கா ஆகியவை சேர்கின்றன; காந்த உருளை கொண்ட பல கறுப்பு பிரிண்டர்களில் இரும்பு ஆக்சைடும் கலந்திருக்கும். ஒரு துகளின் அளவு 5 முதல் 10 மைக்ரான். இவ்வளவு நுண்ணியது என்பதால் வீட்டு வேக்குவம் கிளீனரின் வடிகட்டியைக் கடந்து அறை முழுவதும் பறக்கும். ஆகவே அதைப் பயன்படுத்த வேண்டாம். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். உடுத்திய துணியில் பட்டிருந்தால் முதலில் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரிலேயே அலசுங்கள். வெந்நீர் கூடாது, பிளாஸ்டிக் இளகித் துணியிலேயே தங்கிவிடும்.

கேள்வி: எங்கள் பிரிண்டரில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி திரும்பத் திரும்ப விழுகிறது. டோனர் இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றுவதா, ஃபியூசரை மாற்றுவதா?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் ஓர் அளவுகோலை எடுங்கள். ஒரே செங்குத்துக் கோட்டில் விழும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். பிரிண்டருக்குள் இருக்கும் உருளைகள் விட்டத்தில் வேறுபடுவதால், புள்ளி எந்த உருளையில் பிறக்கிறதோ அதன் சுற்றளவே இடைவெளியாகத் தெரியும். 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்மில் கீறல் இருந்தால் சுமார் 75 மில்லிமீட்டருக்கு ஒரு முறையும், 30 மில்லிமீட்டர் டிரம் என்றால் சுமார் 94 மில்லிமீட்டருக்கு ஒரு முறையும் புள்ளி விழும். உங்கள் மாடலுக்குரிய உருளை அளவுகள் சர்வீஸ் கையேட்டில் பட்டியலாக இருக்கும்.

அளவு பொருந்தாமல் குழப்பம் நீடித்தால், பழகிய மெக்கானிக்குகள் செய்யும் இன்னொரு சோதனை உண்டு. தாள் பாதி வழியில் இருக்கும்போது கதவைத் திறந்து இயந்திரத்தை நிறுத்துங்கள். ஃபியூசருக்குள் இன்னும் நுழையாத பகுதியில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபியூசரின் மேல் பழி இல்லை. குறை அதற்கு முன்னரே நேர்ந்திருக்கிறது. அந்தச் சமயத்தில் ஃபியூசரைத் தொட வேண்டாம், விரல் சுட்டுவிடும். வெளியே எடுத்த கார்ட்ரிட்ஜையும் வெளிச்சத்தில் வைத்திருக்காமல் கெட்டியான துணியால் மூடுங்கள். அதற்குள் டிரம் இருந்தால், அதன் மேற்பூச்சு ஒளியில் இயங்கும்படி செய்யப்பட்டது என்பதால், கூடுதல் வெளிச்சம் அதற்குக் கேடு.

புள்ளியாக இல்லாமல் எழுத்தே கையோடு உதிர்ந்து வந்தால், ஃபியூசரைச் சந்தேகிப்பதற்கு முன் தாள் வகை அமைப்பைப் பாருங்கள். தடித்த அட்டையைச் சாதாரணத் தாள் என்று குறிப்பிட்டுவிட்டால் அதற்குப் போதிய சூடு கிடைக்காது.

கேள்வி: கார்ட்ரிட்ஜின் பெட்டியில் போட்டிருந்த பக்க எண்ணிக்கையில் பாதிகூட எனக்குக் கிடைக்கவில்லை. ஏமாற்றா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த எண், பக்கத்தின் பரப்பில் சுமார் 5 சதவீதம் மட்டுமே தூள் படியும் மாதிரிப் பக்கத்தை அச்சிட்டுக் கணக்கிடப்படுவது. நெருக்கமான அட்டவணைகளும் படங்களும் அச்சிட்டால் எண்ணிக்கை தானாகவே குறையும். டோனர் குறைவு என்ற அறிவிப்பு வந்ததும் கார்ட்ரிட்ஜை இடவலமாகச் சில முறை மெல்ல ஆட்டிப் போட்டால், ஓரத்தில் தங்கிய தூள் பரவி இன்னும் சில பக்கங்கள் தெளிவாக வரும்.

கேள்வி: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் ஆண்டுக்கணக்காக வைத்திருந்த என் சான்றிதழ் நகலின் எழுத்துகள் உறையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஏன்?

பதில்: அந்த உறை பிவிசி வகையாக இருந்திருக்க வேண்டும். பிவிசியை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கப்படும் பொருள் நாளடைவில் கசிந்து, தாளின் மேல் இருக்கும் டோனரையும் மென்மையாக்கிவிடுகிறது; டோனரும் பிளாஸ்டிக் அல்லவா. இளகிய எழுத்து, காகிதத்தை விட்டு உறையோடு போய்விடுகிறது. வெயில் படும் அலமாரியில் இது இன்னும் விரைவில் நடக்கும். ஒட்டிய தாளை வெடுக்கென்று உரிக்காதீர்கள். முதலில் உறையோடு சேர்த்தே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, பிறகு ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். புதிய நகலுக்குப் பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். அதில் அந்த மென்மையாக்கி இல்லை.