அடுத்தவர் முறையில் நாம் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவை பீளமேட்டில் ஒரு நண்பர் வீட்டில் கூடி ஐந்து பேர், ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து பகடை உருட்டி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறோம். எங்கள் ஐவரைத் தவிர, வீட்டுக்கார நண்பர்தான் கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர். என் முறை வரும்போது உற்சாகமாக இருக்கிறது. மற்றவர்கள் ஆடும்போது கை தானாகப் போனை எடுத்துவிடுகிறது. மறுபடி முறை வந்ததும், "ஏனுங்ணா, இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டு எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். இந்த விளையாட்டு எனக்கு ஒத்துவராதா?
— வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் முறையில் உற்சாகம் வருகிறது என்றால் ஒத்துவரும். சலிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, அரக்கர்களை ஆட்டிவைக்க மாஸ்டர் மேலும் சில நிமிடம் எடுத்துக்கொண்டால், சண்டையில் உங்கள் முறை திரும்பி வரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். விதிப்புத்தகத்தின் கணக்கிலோ, கதைக்குள் ஒரு சுற்று என்பது வெறும் 6 விநாடி. மாலை முழுக்க உட்கார்ந்தாலும் அதில் பெரும்பகுதி அடுத்தவர் முறைதான். அதைக் காத்திருக்கும் நேரமாக நினைப்பவருக்கு எந்த ஆட்டமும் சலிக்கும்.

நம் பக்கத்தில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடும்போது, முன்பாட்டுக்காரர் விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கித் தொடர்வதால்தான் விடியும்வரை கதை தொய்வில்லாமல் ஓடுகிறது. மேசையிலும் நான்கு பேர் உம் கொட்டினால்தான் ஐந்தாமவர் முறைக்கு உயிர் வரும்.

உம் கொட்டுவது என்றால் தலையை ஆட்டிக்கொண்டிருப்பது அன்று. உங்கள் குழுவில் பூசாரிப் பாத்திரம் ஆடுபவர் 'பிளெஸ்' மந்திரம் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விதிப்புத்தகத்தின் 5-ஆம் பதிப்பின்படி, அந்த மந்திரம் பெற்ற மூவரும் தாக்கும்போது நான்கு முகப் பகடை ஒன்றையும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். போர்வீரர் 20 முகப் பகடையை உருட்டுகிறார். எல்லாம் கூட்டி 13 வருகிறது. எதிரியின் கவச எண், அதாவது அடி விழ எட்டவேண்டிய எண், 15. அவர் உதட்டைப் பிதுக்கும் நேரத்தில், "பிளெஸ் இருக்குதுங்க, அதையும் உருட்டுங்க" என்று நீங்கள் சொல்கிறீர்கள். 3 விழுகிறது, 16 ஆகிறது, வாள் இறங்குகிறது. அந்த அடியில் உங்களுக்கும் பங்கு உண்டு. அடுத்தவர் முறையில் விழிப்பாக இருக்க விதிகளே இடம் வைத்திருக்கின்றன. எதிரி உங்கள் வீச்சை விட்டு ஓடினால் அவன் முறையிலேயே 'ரியாக்‌ஷன்' என்னும் எதிர்வினையைப் பயன்படுத்தி அடிக்கலாம். உங்கள் முறையை 'ஹெல்ப்' என்று தோழருக்கு விட்டுக்கொடுத்தால், அவர் இரண்டு முறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுத்துக்கொள்வார். போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் கண்ணில் படாது.

முறை வருவதற்கு முன்பே, உங்களுக்கு முந்தியவர் உருட்டும்போதே, என்ன செய்வது என்று முடிவெடுத்து, அது பொய்த்தால் செய்வதற்கு மாற்று ஒன்றையும் மனதில் வைத்திருங்கள். மந்திரத்தின் விவரத்தைத் தன் முறை வந்த பிறகு புத்தகத்தில் தேடுபவர், மற்ற நால்வரையும் போனை நோக்கித் தள்ளுகிறார். உங்கள் பாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட் போனில்தான் இருக்கிறது என்றால் அச்செடுத்துவிடுங்கள். ஷீட்டைப் பார்க்க எடுத்த போன் வாட்ஸ்அப்பில் போய் முடியும் என்பது உங்களுக்கே தெரியும்.

இவையெல்லாம் சண்டைக்குப் பொருந்தும். சண்டையில்லாத நேரத்தில் ஈடுபாடு நிலைக்க வேண்டுமானால், உங்கள் பாத்திரத்துக்கு மற்றொரு பாத்திரத்தோடு ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும். பத்துப் பக்கத்துக்குப் பூர்வகதை எழுதி வருபவர்கள் உண்டு; எழுதியவரைத் தவிர யாரும் அதைப் படிப்பதில்லை என்பதே என் எண்ணம். அதைவிட, 'இந்தத் திருடன் என் உயிரைக் காப்பாற்றியவன், ஆனால் என் அண்ணனின் மோதிரம் அவன் விரலில் இருக்கிறது' என்ற ஒரு வரி போதும். அதன்பிறகு அந்தத் திருடன் சந்தையில் யாரோடு பேரம் பேசினாலும் உங்கள் காது தானாக அங்கே போகும். முகாமில் தீ மூட்டி அமரும் காட்சியில், "இந்த மோதிரம் உனக்கு ஏது?" என்று நீங்களே கேட்டுவிடலாம், அதற்கு மாஸ்டரின் உத்தரவு தேவையில்லை.

கேள்வி: இயல்பாகவே நான் அதிகம் பேசமாட்டேன். குரலை மாற்றி நடித்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஈடுபாடில்லாமல் உட்கார்ந்திருப்பதாகக் குழுவினர் நினைக்கிறார்கள்.
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நடிப்பு கட்டாயமில்லை, அம்மா. "என் பாத்திரம் காவலனிடம் தணிவாகப் பேசி வழிவிடக் கேட்கிறாள்" என்று படர்க்கையில் சொன்னாலும் அது முழுமையான ஆட்டமே. பேச்சில்லாத பங்கும் இந்த விளையாட்டுக்குப் புதிதன்று. 1974-இல் இது அச்சில் வந்த பிறகு, 1981-இல் வெளியான தொடக்கநிலைப் பதிப்பு, சுரங்கத்தின் வரைபடம் வரைவதற்கென்றே ஆட்டக்காரர்களில் ஒருவரை ஒதுக்கச் சொன்னது. நீங்கள் ஒரு நோட்டில் ஊர்ப் பெயர்களையும், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதையும் எழுதிவாருங்கள். அடுத்த வாரம், "அந்தச் சத்திரக்காரனுக்கு இன்னும் பணம் தரவில்லையே" என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம், மற்றவர்கள் மாலை முழுக்கப் பேசியதைவிடக் கதையை அதிகம் நகர்த்தலாம்.

கேள்வி: எங்கள் மாஸ்டர் ஒரே மூச்சில் அரைமணி நேரம் கதை சொல்கிறார். எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அப்போதும் குறை எங்களுடையதா?
— வாசகர், பெருந்துறை

பதில்: இல்லை. ஆனால் அதை மேசையில் எல்லோர் முன்னும் சொல்லாதீர்கள். ஒரு வாரமாக உட்கார்ந்து தயாரித்தவருக்கு முகம் வாடிவிடும். நடுவில் ஒரு நாள் டீக்கடைக்கு அழைத்து, "நீங்க சொல்றது நல்லா இருக்குதுங்க, நடுவுல நாங்களும் புகுந்து ஏதாவது பண்றதுக்கு இடம் விடுங்க" என்று கேளுங்கள். அப்படியும் மாறாவிட்டால், ஒரு வாரம் 2009-இல் வெளிவந்த 'ஃபியாஸ்கோ' என்ற வேறொரு கதை விளையாட்டை ஆடிப் பாருங்கள். அதில் மாஸ்டரே கிடையாது. மூன்று முதல் ஐந்து பேர்வரை ஆடலாம். ஒரே அமர்வில் முடிந்துவிடும். அவரையும் ஆட்டக்காரராக உட்கார வையுங்கள்.