மணல்மேட்டுக்கு டயர் வாங்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: என்னுடையது 400 சிசி ஸ்போர்ட்ஸ் ஏடிவி, அதாவது சாலையில்லா இடங்களில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி. வண்டியோடு வந்த டயர் மணலில் புதைகிறது. 12 பேடில் (குறுக்கு ரப்பர் தகடு) உள்ள டயர்தான் இருப்பதிலேயே உயர்ந்தது, அதையே போடுங்கள் என்கிறார் கடைக்காரர்.

பதில்: போடாதீர்கள். பேடில் எண்ணிக்கை டயரின் தரத்தைச் சொல்வதில்லை. எஞ்சின் எவ்வளவு மணலைத் தள்ளியாக வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. குமிழ் குமிழாக ரப்பர் கட்டிகள் உள்ள சாதாரண பட்டன் டயர் சுற்றும்போது காலடி மணலைத் தோண்டி வெளியே எறிகிறது. வண்டி முன்னே போகாமல் கீழே இறங்குகிறது. பேடில் டயரில் குறுக்காக நிற்கும் ரப்பர் தகடுகள் மணலைப் பிடித்துப் பின்னால் தள்ளுகின்றன. தகடுகள் கூடினாலும் அவற்றின் உயரம் கூடினாலும் எஞ்சினுக்குச் சுமை கூடும்.

பொதுவான கணக்கு இது: 250 சிசி வரை 6 முதல் 8 பேடில், உயரம் அரை அங்குலத்தை ஒட்டி. 400, 450 சிசிக்கு 8 முதல் 10, உயரம் முக்கால் அங்குலம் வரை. அதற்கு மேற்பட்டவை 700 சிசிக்கும், எஞ்சினில் வேலை செய்து சக்தி கூட்டிய வண்டிகளுக்கும். உங்களுக்கு 8 போதும்.

பேடில் அதிகமாகிவிட்டால் மேடேறும்போது ஆர்பிஎம் சரிந்து எஞ்சின் திணறும், கிளட்ச் சூடேறி வழுக்கும். பேடில் போதாவிட்டால் எஞ்சின் கத்தும், சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஏற்கெனவே பெரியதை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், செயின் வண்டியாக இருந்தால், முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பார்க்கலாம். இழுவை ஓரளவு திரும்பும். பேடிலைச் சீவி உயரம் குறைக்கவும் முடியும். ஆனால் சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு டயரிலும் ஒரே அளவாகச் சீவுங்கள்.

கேள்வி: பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. முன்னாலும் பேடில் டயர் போட்டால் இன்னும் நன்றாக ஏறுமா?

பதில்: ஏறாது. இழுக்காத சக்கரத்தில் பேடிலுக்கு வேலையே இல்லை. முன்சக்கரம் மணலின் மேல் மிதக்க வேண்டும், திருப்பினால் திரும்ப வேண்டும். அதற்கு வழுவழுப்பான டயரின் நடுவில் சுற்றிலும் ஒற்றை வரப்பு ஓடும் ரிப் டயர் வாங்குங்கள். வரப்பு மணலைக் கீறிப் பிடிப்பதால்தான் ஹேண்டில் சொன்னதைக் கேட்கிறது. வரப்பே இல்லாத மொட்டை டயர் நேர்ப்பாதையில் சுகமாக ஓடும், வளைவில் நேராகவே போகும்.

கேள்வி: கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். பழைய டயரைவிட மோசமாக ஏறுகிறது. "மணல் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: மணல் அப்படி இல்லை. டயரைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. பேடில் கிண்ணம் போல் ஒரு பக்கம் குழிந்திருக்கும். டயரின் உச்சியில் நிற்கும் பேடிலைப் பாருங்கள்: குழிந்த பக்கம் வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் அது கீழே வரும்போது குழி பின்னோக்கித் திரும்பி மணலைத் தள்ளும். டயரின் பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதையும் பாருங்கள்.

இரண்டு டயரும் தலைகீழாக இருந்தால் ரிம்மிலிருந்து கழற்றவே வேண்டாம். இடது சக்கரத்தை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றி மாட்டினால் திசை சரியாகிவிடும். ஒன்று மட்டும் தவறு என்றால் அந்த டயரை ரிம்மிலிருந்து எடுத்துப் புரட்டித்தான் போட வேண்டும். அந்த வேலைக்குக் கூலி கொடுக்காதீர்கள். தவறு அவர்களுடையது, குறையைச் சொல்லப் போன உங்களை அப்படி அனுப்பியதும் அவர்கள்தான்.

கேள்வி: பைக்குக்கு அடிப்பது போல் 28 பிஎஸ்ஐ காற்று அடித்தேன். டயர் உருண்டையாகி நடுப்பகுதி மட்டும் தேய்கிறது. டயரில் கோளாறா?

பதில்: டயரில் கோளாறு இல்லை. ஸ்போர்ட்ஸ் ஏடிவிக்கு 5, 6 பிஎஸ்ஐயில் தொடங்க வேண்டும். வண்டியின் கையேட்டிலும் டயரின் சுவரிலும் இருப்பதைப் படித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. காற்று கூடினால் டயர் உப்பி, நடுப்பகுதி மட்டுமே மணலைத் தொடும். மிகக் குறைந்தால் சரிவில் பக்கவாட்டில் போகும்போது பீடு, அதாவது ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு, ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பெட்ரோல் பங்க் மீட்டர் இந்த அளவில் சரியாகக் காட்டாது, 0 முதல் 15 வரை காட்டும் மீட்டர் வாங்குங்கள். ஓட்டும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். வெயிலில் அழுத்தம் ஏறும். பின்டயர் இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும், ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம்கூட வண்டியை ஒரு பக்கம் இழுக்கும்.

கேள்வி: பயன்படுத்திய பேடில் டயர் ஒரு ஜோடி, இணையத்தில் வாங்கினேன். படத்தில் கருகருவென்று பளபளத்தது. கைக்கு வந்தபோது பேடிலின் அடியில் எல்லாம் வெடிப்பு. "22 அங்குலம்" என்றார்கள், அளந்தால் 21கூட இல்லை.

பதில்: உங்கள் மேல் தவறில்லை. முதலில் அந்த டயரை ரிம்மில் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டால், நீங்கள் மாட்டும்போது கிழிந்தது என்பார்கள். வந்த பொதியோடு, வெடிப்பு தெரியும்படி, அளவு நாடாவோடு படம் எடுத்து இன்றே எழுத்தில் புகார் அனுப்புங்கள். விற்பனை அறிவிப்பையும் படம் எடுத்து வையுங்கள், அது திடீரென்று காணாமல் போகும்.

இந்த வியாபாரத்தில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு, அதை இங்கே சொல்லியாக வேண்டும். 20x11-9 என்று அச்சடித்திருந்தால் வெளிவிட்டம் 20, அகலம் 11, ரிம் விட்டம் 9 அங்குலம் என்று பொருள். ஆனால் அந்த 20 பெயரளவு எண்தான். சில டயர்களில் அது பேடில் நுனிவரை, சிலவற்றில் பேடிலுக்குக் கீழே உள்ள உடல்வரை. எது என்று பெரும்பாலான விற்பனையாளர்கள் எழுதுவதில்லை. பேடில் உயரம் எழுதுவதில்லை. எடை எழுதுவதில்லை, கனத்த டயர் குறைந்த சக்தியை அப்படியே விழுங்கிவிடும் என்று தெரிந்தும். எத்தனை பிளை, அதாவது டயருக்குள் எத்தனை அடுக்கு நூலிழை, என்றும் சொல்வதில்லை. மென்மையான மணலுக்கு 2 பிளை போதும், கல் கலந்த இடத்தில் அது தாங்காது. அறிவிப்பில் இருப்பதெல்லாம் ஒரு படமும் "வெறித்தனமான பிடிப்பு" என்ற சொல்லும். நானும் அச்சடித்த அளவை நம்பி வாங்கிய ஜோடி ஒன்று உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்றே பொருந்தவில்லை. ஆகவே காசு கொடுக்கும் முன் நான்கு எண்கள் கேளுங்கள்: காற்று அடித்த நிலையில் சுற்றளவு, பேடில் உயரம், எடை, பிளை. சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

பழைய டயர் என்றால் பேடிலைக் கையால் மடக்கி, அடிப்பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். பளபளப்பு, மேலே பூசிய பாலிஷ். பேடிலைத் தனியாக ஒட்டி வேகவைத்த டயரில் ஒட்டின் ஓரம் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல டயர்களில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் சொல்லும். 1819 என்றால் 2019ஆம் ஆண்டின் 18ஆவது வாரம்.

கேள்வி: நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. பின்னால் மட்டும் பெரிய பேடில் டயர் போட்டேன். முன் டிஃபரன்ஷியலில் (இரு முன்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) சத்தம் கேட்கிறது.

பதில்: உடனே இரு சக்கர இயக்கத்துக்கு மாற்றுங்கள், டிஃபரன்ஷியல் எண்ணெயை வடித்து இரும்புத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னும் பின்னும் உருளும் தூரத்தின் விகிதம் மாறினால் உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும். பழைய டயரோடு, ஆள் உட்கார்ந்த நிலையில், ஒரு முழுச் சுற்றுக்கு முன்சக்கரம் எவ்வளவு, பின்சக்கரம் எவ்வளவு உருள்கிறது என்று தரையில் சாக்பீஸால் குறித்து அளந்திருக்க வேண்டும். புது டயரும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: பேடில் டயரோடு தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் போகலாமா?

பதில்: கூடாது. பேடில் அடியோடு கிழியும்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததால் ரிம் வாங்கினேன். நான்கு துளை என் வண்டியிலும் உண்டு, ஆனால் போல்ட் நுழையவில்லை. துளையைப் பெரிதாக்கலாமா?

பதில்: பெரிதாக்கினால் ஓடும்போது சக்கரம் கழலும். எத்தனை துளை என்பது மட்டும் போதாது, அவை எந்த வட்டத்தில் இருக்கின்றன என்பதும் வேண்டும்: 4/110, 4/115, 4/137, 4/144, 4/156 என்று பல உண்டு. முதல் எண் துளைகள், அடுத்தது அந்த வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் முன்னும் பின்னுமே வேறுபடும். வாங்கிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை. திருப்பிக் கொடுங்கள், எடுத்துக்கொண்டால் அதிர்ஷ்டம்.

கேள்வி: சீசன் முடிந்ததும் டயரை எப்படி வைப்பது?

பதில்: நிமிர்த்தி வைத்தால் அடியில் சிக்கும் பேடில் மடிந்து அப்படியே நின்றுவிடும். ரிம்மோடு படுக்க வையுங்கள், அல்லது ரிம்மில் கொக்கி போட்டுத் தொங்கவிடுங்கள். வெயில் படக்கூடாது.